மேலே எடுக்க விட்ட கம்பி

என் வீட்டுக்காரர் தில்லைநாயகம் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஈராக்கில் ரோடு போட்டு, லிபியாவில் பாலைவனத்துக்கு அடியில் தண்ணீர்க் குழாய் பதித்து, மலேசியாவில் ஆற்றின் மேல் பாலம் கட்டி, சாம்பியாவில் அணைக்குக் கரை எழுப்பி, ஓமனில் மலையைக் குடைந்து, பெயர் சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்கிற இன்னும் எத்தனையோ ஊர்களில் மண்ணை அள்ளி முகர்ந்து பார்த்து ‘இது தாங்கும், இது தாங்காது’ என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு வந்த பெரிய சிவில் இன்ஜினியர். எங்கள் வீட்டு மாடிப்படிக்கு ஒரு கைப்பிடி வைக்க மட்டும் அவருக்கு நேரம் வாய்க்கவில்லை.

நான் மங்கையர்க்கரசி, அவருக்கு வாழ்க்கைப்பட்டவள். கீழப்பாளையூர் சொசைட்டி காலனியில் வந்து இந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. கம்பி வீட்டம்மா என்று கேளுங்கள், பால் ஊற்றுகிறவனிலிருந்து பஞ்சாயத்து பேசுகிறவன்வரை கையைப் பிடித்துக் கூட்டிவந்து விடுவான்கள்.

நம் ஊரில் வீடு கட்டுகிறவன் எவனும் கட்டி முடிப்பதில்லை. கீழ்த்தளம் எழும்பி, மொட்டை மாடி போட்டு, பால் காய்ச்சிக் குடிபோன பிறகும் தூண்களின் கம்பியை வெட்டாமல் இடுப்பளவுக்கு வானத்தைப் பார்க்க நீட்டி விட்டுவிடுவான். கேட்டால், பின்னால் மேலே எடுக்க வேண்டாமா என்பான். பெண்ணைக் கட்டிக்கொடுத்து, பையனைப் படிக்கவைத்து, சர்க்கரை வியாதி வந்து, செத்தும் போவான். கம்பி அப்படியே நிற்கும், காக்கா உட்கார. என் வீட்டுக்காரர் இன்ஜினியர் ஆயிற்றே, மற்றவர்களைவிடக் குறைவாகச் செய்வாரா? ஒன்பது தூணிலும் தலை உயரத்துக்குக் கம்பி விட்டார். படிக்குக் கைப்பிடி எங்கே என்றேன். “மேல எடுக்கும்போது இடிக்க வேண்டியிருக்கும், அப்ப வச்சுக்கலாம்” என்றார். படிக்கு மேலே கூரை எங்கே என்றேன். “மேல எடுக்கும்போது பார்த்துக்கலாம்” என்றார். மழை பெய்தால் படி வழியாக வீட்டுக்குள் அருவி இறங்கும். அதையும் மேலே எடுக்கும்போது பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கிரகப்பிரவேசத்துக்குக் கட்டிய வாழை வாடுவதற்குள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு லிபியாவுக்குப் போய்விட்டார்.

அப்போது எங்கள் வீட்டில் போன் கிடையாது. பக்கத்து வீட்டு ருத்ரமூர்த்தி வீட்டுக்குத்தான் அழைப்பு வரும். அவர் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். போனை என் கையில் கொடுத்துவிட்டு, நாகரிகமாக ஓர் அடி தள்ளி நின்று ஒரு வார்த்தை விடாமல் கேட்பார். அவர் மனைவி புஷ்பவேணி அந்த ஓர் அடியும் தள்ளி நிற்கமாட்டாள்.

“அடுத்த சித்திரைக்கு வந்துடறேன் மங்கை. வந்து மேல எடுத்துடலாம். அப்புறம் எங்கயும் போறதில்லை, உன்கூடத்தான்” என்றார், கடலுக்கு அந்தப்பக்கத்திலிருந்து.

“சரிங்க” என்றேன். எனக்கு அப்போது கல்யாணமாகி மூன்று வருஷம். அதில் அவரோடு இருந்தது மூன்று மாதம்கூட இருக்காது. இந்த மனுஷன் வந்து எதிரே உட்கார்ந்து சாப்பிட வேண்டும், சாப்பிட்டுவிட்டு உப்பு தூக்கலாக இருக்கிறது என்று குறை சொல்ல வேண்டும், நான் ‘ஆமா, பெரிய நாக்கு’ என்று நொடிக்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அதைக்கூட ஆசை என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது.

போனை வைத்துவிட்டு, காய்ந்த துணியை எடுக்க மாடிக்குப் போனேன். காலையில் கம்பியின் நுனியில் கட்டியிருந்த கொடிக்கயிறு என் தலைக்கு மேலே போயிருந்தது. எம்பிப் பார்த்தேன், எட்டவில்லை. ஒன்பது தூணிலும் கம்பி ஒரு முழம் வளர்ந்திருந்தது. முக்காலியைக் கொண்டுவந்து போட்டு ஏறித் துணியை எடுத்துக்கொண்டு, இருட்டுவதற்குள் இறங்கிவிட்டேன், கைப்பிடி இல்லாத படி அல்லவா.

அடுத்த தடவை அவர் பேசியபோது விஷயத்தைச் சொன்னேன்.

“ஏங்க, கம்பி வளருது.”

“எல்லாத் தூண்லயுமா?”

“எல்லாத் தூண்லயும்.”

“ஒரே அளவா?”

“ஆமா.”

“அப்பப் பரவாயில்லை. துருப்பிடிக்காம சிமென்ட் பால் பூசச் சொல்லு. வேற ஒண்ணும் விசேஷம் இல்லையே? நான் அடுத்த சித்திரைக்கு வந்துடறேன்.”

“சரிங்க” என்றேன். அன்றைக்கும் ஒரு முழம் வளர்ந்தது.

இனி ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதிசயம் நடந்தால் ஆச்சரியப்படுகிற ஜென்மங்கள் வேறு ஊரில் இருக்கலாம். எங்கள் சொசைட்டி காலனியில் அதனால் தனக்கு என்ன கிடைக்கும் என்றுதான் முதலில் பார்ப்பார்கள். புஷ்பவேணி வந்து, “அக்கா, உங்க கம்பி நிழல் எங்க வத்தல் மேல விழுது” என்று சண்டைக்கு நின்றாள். பத்து நாள் கழித்து அவளே வந்து, அந்த நிழலில் வெயில் தாழ உட்கார்ந்தால் நன்றாக இருக்கிறது என்று நாற்காலி போட்டுக்கொண்டாள். எதிர்வீட்டுக்காரர்கள் டிவி ஆன்டெனாவை எங்கள் கம்பியில் கட்டினார்கள். கோடிவீட்டுக் கிழவர் புடலங்கொடியை ஏற்றிவிட்டு, காய்த்ததும் எங்களுக்கு ஒரு காய்கூடக் கொடுக்காமல் பறித்துக்கொண்டு போனார். வரி போடுகிற ஆபீஸிலிருந்து ஒருவர் அளக்க வந்தார். அளந்து போய் மறு மாதம் வந்து பார்த்தால் அளவு மாறியிருந்தது. வளர்கிற கட்டடத்துக்கு வரி போட விதி இல்லை, வளர்கிற மரத்துக்கு உண்டு என்று தலையைச் சொறிந்து யோசித்து, ஒன்பது தென்னை என்று எழுதிக்கொண்டு நிம்மதியாகப் போய்விட்டார். அதற்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் தேங்காய் ஏன் காய்க்கவில்லை என்று கேட்டு ஆள் வந்தது.

பிறகு இன்னாசிமுத்து மேஸ்திரி வந்தார். எங்கள் வீட்டைக் கட்டியவர் அவர்தான். கம்பியைத் தட்டிப் பார்த்தார், நக்கிப் பார்த்தார், தலையை ஆட்டிக்கொண்டார்.

“அம்மா, இம்புட்டு உசரம் போனா காத்துக்கு ஆடும். கொஞ்சம் கழிச்சு விட்டுடறேன்” என்றார்.

“வெட்டினதை என்ன பண்ணுவீங்க?”

“தெருப் பிள்ளையாருக்குச் சுற்றுச்சுவர் எடுக்கிறோம்ல. சாமி காரியம்.”

சாமி காரியத்துக்கு வெட்டியது ஒரு சுற்று. மீதியை அவர் மச்சான் வீட்டுக் கக்கூஸுக்குக் கூரை போட எடுத்துக்கொண்டு போனார். அடுத்த தடவை போன் வந்ததும் கம்பி மறுபடி வளர்ந்தது, மறுபடி வெட்டினார். அதிலிருந்து தெருவுக்கு வழி தெரிந்துவிட்டது. போன் மணி அடித்தால் போதும், இன்னாசிமுத்து ரம்பத்தோடு எங்கள் படியில் உட்கார்ந்திருப்பார், நாலைந்து பேர் அவருக்குப் பின்னால் நிற்பார்கள்; நான் “சரிங்க” என்று சொல்லிப் போனை வைப்பதற்குள் மாடியில் கர்ர் கர்ர் என்று அறுக்கிற சத்தம் கேட்கும். சித்திரைக்கு வருகிறேன் என்றால் ஒரு முழம். பொங்கலுக்கே வந்துவிடுகிறேன் என்றால் இரண்டு முழம். “இந்தத் தடவை சத்தியமா மங்கை” என்று ஒருநாள் சொன்னார், அன்றைக்கு ஆளுயரம் வளர்ந்து, ருத்ரமூர்த்தி வீட்டுக்குப் பூஜை அறையோடு சேர்த்து ஒரு ஹாலே எழும்பிவிட்டது. அப்படி எங்கள் இரும்பில் எழும்பின வீடுகள் எத்தனை என்று எனக்குத் தெரியாது. எழும்பின வீட்டிலெல்லாம் மறக்காமல் மேலே எடுக்கக் கம்பி விட்டிருந்தார்கள். அந்தக் கம்பிகள் வளரவில்லை என்று என்னிடம் வந்து வருத்தப்பட வேறு செய்தார்கள்.

“சாரை வாரம் ஒரு தடவை பேசச் சொல்லுங்களேன் அக்கா. அவர் குரல்ல என்னமோ ஒரு ராசி இருக்கு” என்றாள் புஷ்பவேணி.

ராசியாம் ராசி. நானும் அப்படித்தான் நினைத்தேன், அதைச் சொல்லாமல் மறைத்து என்ன ஆகப்போகிறது. பெரிய இன்ஜினியர், அவர் வாக்குக்கு இரும்பே எழுந்து நிற்கிறது என்று உள்ளுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது, என்னைக் கட்டி வைத்து அடித்தாலும் தகும்.

அப்புறம் கம்பிக்கு விசா ராசியும் வந்து சேர்ந்தது. ஓட்டல் வைத்திருந்தவர் மகன் ஒருத்தன் எங்கள் மாடியில் பட்டம் சிக்கி, எடுக்க ஏறினவன், கம்பியைப் பிடித்து இறங்கினான்; அந்த வாரமே அவனுக்குத் துபாயில் வேலை கிடைத்தது. அவ்வளவுதான், மறுநாளிலிருந்து வாசலில் செருப்புக் குவியல். மஞ்சள் கயிறு கட்டுகிறவர்கள், பாஸ்போர்ட்டைக் கம்பியில் தேய்க்கிறவர்கள், சவுதியா குவைத்தா என்று பூப்போட்டுப் பார்க்கிறவர்கள். என் நாத்தனார் சிவகாமசுந்தரி ஜெயங்கொண்டத்திலிருந்து மூட்டை முடிச்சோடு வந்து இறங்கி, “எங்க அண்ணன் வீட்டுக் கம்பி, எங்க பிறந்த வீட்டுச் சொத்து” என்று மாடியில் தட்டு வைத்துக் கற்பூரம் கொளுத்த ஆரம்பித்தாள். அவளுக்கும் தெருக்காரர்களுக்கும் எந்தத் தூண் யாருக்கு என்று சண்டை. இத்தனை பேர் அந்தக் கைப்பிடி இல்லாத படியில் ஏறி இறங்கினார்களே, ஒருத்தருக்காவது, இந்தப் பொம்பளைக்கு ஒரு கைப்பிடி போட்டுக் கொடுப்போம் என்று தோன்றியதா? வீட்டுக்கு வீடு எங்கள் கம்பி, எங்கள் படிக்கு ஒரு கம்பி இல்லை.

அவர் லீவுக்கு வருவார், இல்லையென்று சொல்லவில்லை. பால் பவுடர் டப்பா, கோடாலித் தைலம், சோப்பு, எல்லாச் சொந்தக்காரர்களுக்கும் ஒரே மாதிரி நைலக்ஸ் சேலை. தெருவே மாலையோடு நிற்கும். மாடிக்குப் போய்க் கம்பியின் கனத்தை அளந்து பார்த்து, “நல்ல ஸ்டீல்” என்று சொல்லிவிட்டு இறங்குவார். எங்கள் மகள் எழிலரசிக்கு நாலு வயது இருக்கும்போது அப்படி ஒருநாள் வந்து நின்றார். அது என் பின்னால் ஒளிந்துகொண்டு, “அம்மா, அங்கிள் எப்பப் போவாங்க?” என்று கேட்டது. நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள். அவரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கல்யாணமான புதிதில் மலேசியாவில் கட்டுகிற பாலத்தைக் காட்ட அழைத்துப் போகிறேன் என்றார். நான் திருச்சிக்குப் போய் நாள் முழுக்க வரிசையில் நின்று பாஸ்போர்ட் எடுத்தேன். காலாவதி ஆக ஆகப் புதுப்பித்துக்கொண்டே வந்தேன். ஒரு முத்திரை விழுந்ததில்லை. போட்டோவில் இருக்கிற முகம் மட்டும் மாறிக்கொண்டு வந்தது.

எழிலரசி படித்து, ஓசூரில் வேலைக்குப் போய், தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டாள். கல்யாணத்துக்கு அவர் வந்தார், தாலி கட்டி முடிந்து பந்தி நடக்கும்போது வந்தார், சம்பந்தியிடம் மண்ணின் தாங்குதிறன் பற்றிப் பேசிவிட்டுப் போனார். பிறகு ஒருவழியாக அவரை எந்த நாட்டுக்கும் வேண்டாம் என்று ஆகி, ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

வந்து இறங்கிய அன்றைக்கு நான் வத்தக்குழம்பு வைத்து, அப்பளம் பொரித்து, அவருக்கு எதிரே என் தட்டையும் போட்டு வைத்திருந்தேன். மனுஷன் சாப்பிட உட்காரவில்லை. நேரே மாடிக்குப் போனார். கம்பிகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தை என் முகத்தைப் பார்த்து அவர் ஒருநாளும் காட்டியதில்லை.

“இம்புட்டுக் கம்பி நிக்கும்போது ஒரு மாடியோட நிறுத்தினா அநியாயம் மங்கை. நான் இருக்கேன்ல, நானே நின்னு எடுத்துடறேன். ஒரு தளம் முடியட்டும், இறங்கி வந்துடறேன்.”

“சரிங்க” என்றேன். குழம்பு ஆறிப்போனது.

இன்னாசிமுத்து ஆட்களோடு வந்தார். சென்ட்ரிங் பலகை அடித்து, கலவை போட்டு, முதல் மாடிக்குத் தளம் போட்டார்கள். போட்ட தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும், கூலிக்காரனை நம்ப முடியாது என்று கட்டிலைத் தூக்கிக்கொண்டு மேலேயே போய்விட்டார். ஈரம் காய்ந்து பார்த்தால் தளத்துக்கு மேலே மறுபடி ஆளுயரக் கம்பி. “இன்னொண்ணு மங்கை, அப்புறம் இறங்கி வந்துடறேன்.” சரிங்க. இரண்டாவது மாடி எழும்பியது, மேலே கம்பி. மூன்றாவது எழும்பியது, மேலே கம்பி. ஒவ்வொரு தளம் முடிந்ததும் கட்டிலும் பெட்டியும் ஒரு மாடி மேலே போகும். நானும் தண்ணீரை, காபியை, சோற்றைக் கொண்டுபோய்க் கொண்டுபோய் முழங்கால் தேய்ந்து, கடைசியில் கப்பியில் கயிறு போட்டு வாளியில் அனுப்ப ஆரம்பித்தேன். எந்த மாடியிலும் படிக்குக் கைப்பிடி இல்லை. மேலே எடுக்கும்போது இடிக்க வேண்டியிருக்குமாம்.

லிபியாவில் இருந்தபோது பேசினதைப் போலவே மேலிருந்து செல்போனில் பேசுவார்.

“எப்படி இருக்கே மங்கை? சாப்பிட்டியா? அங்க மழையா?”

ஒரே வீடு! என் தலைக்கு மேலே உட்கார்ந்துகொண்டு அங்கே மழையா என்று கேட்கிறார். “இங்க தூறல். அங்க?” என்று நானும் கேட்டேன், கிறுக்கு.

“இங்க நல்ல காத்து.”

வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் இறங்கி வருவார். பெட்டியோடு வருவார். பழைய இருப்பில் இருந்த சோப்பும் கோடாலித் தைலமும் எடுத்து வருவார். தெரு மாலையோடு கீழ்ப்படியில் நிற்கும். வந்த இரண்டாம் நாளே கால் தரையில் பாவாது. தளத்தில் வேலை கெட்டுப்போகும் என்று கிளம்புவார். சிவகாமசுந்தரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அண்ணா, உடம்பைப் பார்த்துக்க, போனதும் போன் பண்ணு” என்று படியில் நின்று வழியனுப்புவாள். மாடிப்படிக்கு வழியனுப்பு! யாருக்கும் இதில் ஒரு விகல்பமும் தோன்றவில்லை. ஆறாவது மாடிக்குப் போனதும் அவருக்குத் தெருவில் மரியாதை இன்னும் கூடிவிட்டது. சார் இப்போது ரொம்ப உயரத்தில் இருக்கிறார் என்று பேசிக்கொண்டார்கள்.

எழிலரசி ஓசூரிலிருந்து திட்டினாள். “அம்மா, கிளம்பி இங்க வா. அந்த ஆளு இறங்கமாட்டாரு.”

“அப்பாவை அப்படிச் சொல்லாதே. ஒரே ஒரு தளம்தான் பாக்கி. வந்துடறேன்னு சொல்லியிருக்காரு.”

“நீயும் நம்பிட்டே” என்று வைத்துவிட்டாள்.

அந்த ஐப்பசியில் ஒருநாள் காலை, மேலே அடுத்த தளத்துக்குக் காங்கிரீட் போட்டுக்கொண்டிருந்தார்கள். கலவை இயந்திரம் தெருவில் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. வாளிக் கயிறு அறுந்துவிட்டது. வேலை செய்கிற மனுஷன் பசியோடு இருப்பாரே என்று தூக்குவாளியில் இட்லியை வைத்துக்கொண்டு படி ஏறினேன். முந்தின நாள் மழை, படியெல்லாம் பாசி. மூன்றாவது மாடித் திருப்பத்தில் கால் வழுக்கியது. பிடிக்கக் கையை நீட்டினேன். கை நீட்டின இடத்தில் ஒன்றும் இல்லை, வெறும் காற்று.

விழுந்து கிடந்தேன். இடுப்புக்குக் கீழே என்னுடைய கால் என்னுடையதாக இல்லை. இட்லி படி படியாக உருண்டு போனது. மடியில் இருந்த போனை எடுத்து அவரைக் கூப்பிட்டேன்.

“ஏங்க, விழுந்துட்டேன். எந்திரிக்க முடியல. இறங்கி வாங்க.”

“எங்க விழுந்தே?”

“மூணாவது மாடிப் படியில.”

கலவை கொட்டுகிற சத்தம் கேட்டது. யாரையோ ‘குத்து, நல்லாக் குத்து’ என்றார். பிறகு போனில் என்னிடம் திரும்பினார்.

“காங்கிரீட் ஆரம்பிச்சாச்சு மங்கை. பாதியில நிறுத்தினா ஜாயின்ட் விட்டுடும், அப்புறம் தளமே ஒழுகும். கொஞ்சம் பொறுத்துக்கோ. இந்தத் தளம் முடியட்டும், இறங்கி வந்துடறேன்.”

சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். ஒழுகுமாம். இந்த வீடு கட்டின நாளிலிருந்து படிவழியாக மழை என் தலையில் ஒழுகுகிறது, அது ஒழுக்கில் சேர்த்தி இல்லை. அழுகை வரவில்லை. கோபமும் இல்லை. காறித் துப்ப வேண்டும்போல இருந்தது.

“மங்கை? என்ன, சரியா?”

நான் சரி என்று சொல்லவில்லை. போனை அணைத்துப் படியில் வைத்தேன்.

நான் கத்தின சத்தம் கேட்டு வந்தது புஷ்பவேணிதான். அவளும் எதிர்வீட்டுப் பையன்களும் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அவர் சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு வந்தார், சட்டையெல்லாம் சிமென்ட். தளம் நன்றாக வந்திருக்கிறது என்றார்.

மறுநாள் கம்பி வளரவில்லை. அதற்கு மறுநாளும் வளரவில்லை. வெளியே நீட்டி நின்ற கம்பியெல்லாம் அந்தத் தளத்துக்குள் அடங்கி, மேலே பார்த்தால் வழவழவென்று ஒரு மொட்டை மாடி. இந்த வீட்டுக்கு வாய்த்த முதல் மொட்டை மாடி. தெருவில் சாவு விழுந்தது மாதிரி ஆகிவிட்டது. பாதியில் நின்ற வீட்டுக்காரர்கள் எல்லாம் கூடிப் பேசினார்கள். சாரை வெளிநாட்டுக்குப் போய் அங்கேயிருந்து பேசச் சொல்லலாம் என்றார் ருத்ரமூர்த்தி. குரலில் ராசி போய்விட்டது என்றாள் சிவகாமசுந்தரி, ஹோமம் செய்தாள், நூறு முறை அண்ணனை ‘வந்துடறேன்’ என்று சொல்லவைத்தாள். அவரும் மாடியில் நின்று வானத்தைப் பார்த்து ‘வந்துடறேன், வந்துடறேன்’ என்று கத்தினார். காக்கா பறந்ததுதான் மிச்சம். இன்னாசிமுத்து ரம்பத்தைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு வேறு தெருவுக்கு வேலைக்குப் போய்விட்டார்.

எனக்குக் கட்டிலில் காலைத் தூக்கிக் கட்டிப் போட்டிருந்தார்கள், யோசிக்க நேரம் இருந்தது. அவர் வாயில் ராசியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அவர் வந்துடறேன் என்று சொல்லி ஒருநாளும் ஒன்றும் வளர்ந்ததில்லை. நான் சரி என்று நம்பினேனே, அப்போதுதான் வளர்ந்தது. அத்தனை இரும்பையும் ஊட்டி வளர்த்தது நான். என் நம்பிக்கையை அறுத்து அறுத்துத்தான் இந்தத் தெரு கக்கூஸுக்குக் கூரை போட்டிருக்கிறது. இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்னை நம்பச் சொல்லி வாசலில் உட்காருவார்கள்.

கட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் போனதால் அவர் இறங்கி வந்தார். பெட்டியும் கட்டிலும் இறங்கின. வாசலில் மாலை இல்லை. நான் கோல் ஊன்றி நடக்கத் தொடங்கியிருந்தேன். அன்றைக்கு மத்தியானம் எனக்கு எதிரே தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். இத்தனை காலம் நான் தவம் கிடந்தது இந்த ஒரு காட்சிக்குத்தான். குனிந்து சாப்பிட்டார். முதுகு வளைந்திருந்தது. நிமிர்ந்து என்னையும் பார்த்தார், சுவரையும் பார்த்தார்.

“இந்த வீட்ல உப்பு எங்க வைப்பே?” என்று கேட்டார்.

இதுக்காகவா என்று இருந்தது. இந்த மனுஷனுக்காகவா இத்தனை இரும்பு? கையைக் காட்டினேன். போய் எடுத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் ஒரு மாதம் எதிரே உட்கார்ந்தார். லிபியா மணல் எப்படி, ஓமன் பாறை எப்படி என்று சொல்வார். நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று ஒருநாளும் கேட்கவில்லை. கால் தேறியதும் எழிலரசியிடம் சொல்லி, திருச்சியிலிருந்து மலேசியாவுக்கு ஆட்களை அழைத்துப் போகிற ஒரு குழுவில் என் பெயரைக் கொடுத்தேன். பாஸ்போர்ட் உயிரோடுதான் இருந்தது. அதற்கு முன்னால் கொல்லரைக் கூப்பிட்டு, கீழ்ப்படியிலிருந்து உச்சிவரைக்கும் கைப்பிடி வைக்கச் சொன்னேன். வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். நான் திரும்பிப் பார்த்தேன். மூடிக்கொண்டார்.

கிளம்புகிற அன்று ஆட்டோ வாசலில் நின்றது. புஷ்பவேணி வேலியில் தொங்கிக்கொண்டு பார்த்தாள். அவர் என் பெட்டியைத் தூக்கிவந்து வைத்தார். பெட்டியைத் தூக்கிப் பழகின கை, அதில் குறை சொல்ல முடியாது.

“எங்க போறே மங்கை?”

“பாலம் பார்க்க. நீங்க கட்டினதுதான்.”

“தனியாவா?”

“ஆமா.”

“சாப்பாட்டுக்கு...” என்றவர் நிறுத்திக்கொண்டார். ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணில் நான் அதுவரை பார்க்காத ஒன்று இருந்தது. தெரியாமல் என்ன, என் கண்ணாடியில் நான் தினமும் பார்த்ததுதான்.

“எப்ப வருவே?”

“அடுத்த சித்திரைக்கு வந்துடறேன்.”

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

“சரி மங்கை.”

ஆட்டோ காலனி வளைவைத் தாண்டிப் பெரிய ரோட்டில் ஏறும்போது மடியில் போன் அடித்தது. அவர்தான். பின்னால் தெருவே கூச்சல் போடுவது கேட்டது, புஷ்பவேணி யாரையோ ‘இன்னாசியக் கூப்பிடு, ஓடு’ என்று விரட்டினாள்.

“மங்கை, மங்கை! கம்பி வளருது!”

“எல்லாத் தூண்லயுமா?”

“எல்லாத் தூண்லயும்!”

“அப்பப் பரவாயில்லை. துருப்பிடிக்காம சிமென்ட் பால் பூசி வைங்க” என்றேன்.

மேற்கொண்டு அவர் என்னவோ சொன்னார். லாரி இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை.